கார்பரேட்டர் மாருதி 800: பழுதை ஊகிக்காமல் கண்டுபிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பழைய மாருதி 800 ஒரு நாள் காலையில் எடுக்காமல் நின்றால் வழக்கமாக நடப்பது இதுதான். முதலில் பேட்டரியை மாற்றுவார்கள். அப்படியும் எடுக்கவில்லை என்றால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவார்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் இக்னிஷன் சுவிட்ச். மூன்று பில் கட்டிய பிறகு, எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே போகும் எர்த் பட்டை (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி) துருப்பிடித்துக் கிடந்தது என்று தெரியவரும். அந்தப் பட்டையைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்ட பத்து நிமிடம் போதும்.

இந்த வண்டியில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் இல்லை, அதற்கான சென்சார்கள் இல்லை. கரண்ட் எந்த வழியாகப் போகிறது, பெட்ரோல் எந்த வழியாகப் போகிறது, தண்ணீர் எந்த வழியாகச் சுற்றுகிறது என்பதை பானெட்டைத் திறந்து கண்ணாலேயே பார்க்கலாம். ஒவ்வொரு வழியிலும் ஒரு முனையில் ஆரம்பித்து, அளந்துகொண்டே மறுமுனைக்குப் போனால் பழுது நடுவில் எங்கோ சிக்கியே தீரும். அளந்த பிறகு பொருள் வாங்குங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். கீழே இருப்பது முழுக்க அந்த வரிசைதான்.

மாருதி 800 முதலில் வெளிவந்தது 1983 டிசம்பரில். உற்பத்தி நின்றது 2014 ஜனவரியில். 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். 2000 வாக்கில் எம்பிஎஃப்ஐ (கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீச்சும் முறை) வந்தது. அதற்கு முந்தைய, பெட்ரோலையும் காற்றையும் கார்பரேட்டர் கலந்து கொடுக்கும் வண்டிகளைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். ஆனாலும் பேட்டரி, ரேடியேட்டர், பிரேக், கிளட்ச் பற்றிச் சொல்பவை எம்பிஎஃப்ஐ வண்டிக்கும் பொருந்தும். அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் சோதிக்கும் முறை இதேதான், அளவுகள் மட்டும் மாறும்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் அவசியம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும். ஒரு டெஸ்ட் லாம்பும் வேண்டும். 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் வைத்து, ஒரு முனையில் முதலைக் கிளிப்பும் மறுமுனையில் ஊசியும் போட்டால் அதுவே டெஸ்ட் லாம்ப். மீட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றலாம். அறுந்து ஒரே ஒரு இழையில் தொங்கும் வயரில்கூட மீட்டர் 12 வோல்ட் காட்டும். பல்பு கரண்டை இழுப்பதால் அந்த வயரில் மங்கலாகத்தான் எரியும். இரண்டும் சேர்ந்தால்தான் உண்மை தெரியும்.

இவற்றுடன் 10, 12, 14-ஆம் நம்பர் ஸ்பேனர்கள், பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (சின்ன இடைவெளியை அளக்கும் தகடுகள்), உப்புத்தாள், ஒரு ஜோடி ஜம்பர் கேபிள், ஒரு பழைய நல்ல ஸ்பார்க் பிளக்.

பாதுகாப்புக்கு நான்கு விஷயங்கள். பேட்டரியைக் கழற்றும்போது நெகடிவ் முதலில், மாட்டும்போது நெகடிவ் கடைசியில். வண்டிக்கு அடியில் போவதென்றால் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது, ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ அண்டை கொடுக்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியை எந்த அவசரத்திலும் திறக்கக் கூடாது. பெட்ரோல் ஹோஸைக் கழற்றும் இடத்தில் ஸ்பார்க் சோதனை செய்யக் கூடாது.

சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். பழைய வண்டியில் அதிகம் வருவதும், வீண் செலவு அதிகம் இழுத்து வைப்பதும் இந்தப் பழுதுதான்.

முதல் வேலை, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் முழுக்க செத்துப்போனால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரி டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. வெளிச்சம் கொஞ்சமும் மங்காமல் அப்படியே இருந்து, செல்ஃப் சத்தமும் இல்லை என்றால், செல்ஃப் மோட்டாருக்கு உத்தரவே போய்ச் சேரவில்லை. வெளிச்சம் மங்கி 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் வந்தால், சொலினாய்டு (செல்ஃப் மோட்டாரை இயக்கும் மின்காந்த சுவிட்ச்) வேலை செய்கிறது, மோட்டாருக்குப் போதிய கரண்ட் வரவில்லை அல்லது மோட்டார் சிக்கியிருக்கிறது. 'டக்டக்டக்' என்று தொடர்ந்து அடித்தால் பெரும்பாலும் பேட்டரி பலவீனம்.

அடுத்து மீட்டர். வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போயிருந்தால் முதலில் சார்ஜ் போடுங்கள், மற்ற சோதனை எல்லாம் அப்புறம். சார்ஜ் இருக்கும் பேட்டரியில் மீட்டரை வைத்தபடியே ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். நல்ல சார்ஜ் இருந்தும் 8, 7 என்று விழுந்தால் பேட்டரிக்குள் செல் போய்விட்டது. அப்போது மட்டும் பேட்டரியை மாற்றுங்கள்.

வோல்ட் நன்றாகவே நிற்கிறது, செல்ஃப் மட்டும் திணறுகிறது என்றால் கரண்ட் வழியில் எங்கோ நசுங்குகிறது. அதைக் கண்டுபிடிக்கும் சோதனை மிக எளிது, ஆனாலும் சாலையோரத்தில் யாரும் செய்வதில்லை. மீட்டரின் ஒரு ஊசியைப் பேட்டரியின் நெகடிவ் முனையில் (கிளாம்பில் அல்ல, ஈயக் குமிழிலேயே) வையுங்கள். மறு ஊசியை எஞ்சின் பிளாக்கின் வெற்று உலோகத்தில் வையுங்கள். செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் எர்த் வழி கெட்டுப்போயிருக்கிறது. அதேபோல் பேட்டரியின் பாசிடிவ் குமிழுக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது.

மீட்டர் இல்லாவிட்டால், ஒரு ஜம்பர் கேபிளைப் பேட்டரி நெகடிவிலிருந்து நேராக எஞ்சின் பிளாக்குக்குப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். திணறிய செல்ஃப் சட்டென்று துள்ளிச் சுற்றினால் குற்றவாளி எர்த் பட்டைதான்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் உப்பை ஆப்ப சோடா கலந்த வெந்நீரால் கழுவலாம். பேட்டரிக்குள் அந்தத் தண்ணீர் இறங்காமல் செல் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். மேலே பளபளவென்று இருந்தால் போதாது. கிளாம்பைக் கழற்றி அதன் உள் பக்கத்தையும் குமிழின் சுற்றையும் ஈயம் மின்னும்வரை தேய்க்க வேண்டும். மாட்டி இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். எர்த் பட்டை பாடியில் உட்காரும் இடத்தில் பெயின்ட், துரு இரண்டையும் சுரண்டி எடுத்துவிட்டு முடுக்குங்கள்.

ஹெட்லைட் மங்கவே இல்லை, சத்தமும் இல்லை என்ற கேஸில், செல்ஃப் மோட்டாரில் இருக்கும் சிறிய வயரைத் தேடுங்கள். டெஸ்ட் லாம்பின் கிளிப்பை பிளாக்கில் மாட்டி, ஊசியை அந்த வயரில் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். லாம்ப் பிரகாசமாக எரிந்தும் செல்ஃப் அசையவில்லை என்றால் சொலினாய்டு அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் பழுது. லாம்ப் எரியவில்லை என்றால் இக்னிஷன் சுவிட்ச்சோ நடுவில் உள்ள கனெக்டரோ. இந்தச் சோதனைகள் எல்லாம் கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டபடி செய்ய வேண்டும்.

இன்னொரு சின்னக் குறிப்பு. செல்ஃப் எடுக்காத வண்டியை இரண்டாவது கியரில் தள்ளினால் உடனே ஸ்டார்ட் ஆகிறதா? அப்படியானால் ஸ்பார்க்கும் பெட்ரோலும் சரியாகவே இருக்கின்றன. கார்பரேட்டரைத் தொடவே வேண்டாம்.

பேட்டரி ராத்திரியோடு இறங்குகிறது

இரண்டு கேள்விகள்: ஓடும்போது சார்ஜ் ஏறுகிறதா? நிற்கும்போது யாராவது திருடுகிறார்களா?

எஞ்சினைக் கொஞ்சம் முடுக்கி வைத்துப் பேட்டரியில் அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஹெட்லைட்டும் வைப்பரும் போட்ட பிறகும் 13-க்கு மேலே நிற்க வேண்டும். 12-லேயே இருந்தால் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் பொருள்) சார்ஜ் தரவில்லை. 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும்.

ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஃபேன் பெல்ட். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக அமுங்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் வழுக்கும். காலையில் 'கீச்' என்று கத்துவது அதுதான். இரண்டாவது, டேஷ்போர்டில் உள்ள சிவப்பு சார்ஜ் லைட். சாவியை ஆன் செய்ததும் அது எரிய வேண்டும், எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். ஆன் செய்தும் எரியவே இல்லை என்றால் அந்தச் சின்ன பல்பு ஃபியூஸ் ஆகியிருக்கலாம். ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளத் தேவையான ஆரம்பக் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு போனதற்காக ஆல்டர்னேட்டரையே மாற்றிய வண்டிகள் நிறைய.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்க்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நிற்காமல் ஓடினால் சார்ஜ் வருகிறதாம். அந்தக் காலத்து டைனமோ வண்டியில் அது செல்லும். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் பேட்டரியைப் பிடுங்கிய நொடியில் வோல்ட் எகிறி, உள்ளே இருக்கும் டயோடும் ரெகுலேட்டரும் எரிந்துபோகலாம். உங்கள் வண்டியில் யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள்.

சார்ஜ் சரியாக ஏறுகிறது, ஆனாலும் காலையில் பேட்டரி காலி. அப்படியானால் சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, பேட்டரி நெகடிவ் கிளாம்பைக் கழற்றுங்கள். மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, ஒரு ஊசியைக் குமிழிலும் மறு ஊசியைக் கிளாம்பிலும் வையுங்கள். மீட்டர் இப்படி இருக்கும்போது செல்ஃப் அடிக்கவே கூடாது, மீட்டர் போய்விடும். ஸ்டீரியோவின் நினைவுக்கும் கடிகாரத்துக்கும் போவது மிகச் சொற்பம். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் எங்கோ ஒழுகுகிறது. இப்போது ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எந்த ஃபியூஸை எடுத்ததும் எண் சடாரென்று இறங்குகிறதோ, அந்த லைனில்தான் திருட்டு. வழக்கமான ஆட்கள்: பின்னால் சேர்த்த ஸ்டீரியோ, ரிவர்ஸ் ஹார்ன், அலாரம், அணையாத உள் விளக்கு. எல்லா ஃபியூஸையும் எடுத்தும் இறங்கவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் டயோடைச் சந்தேகியுங்கள். வண்டி நின்று பல மணி நேரம் ஆன பிறகும் ஆல்டர்னேட்டர் உடம்பு வெதுவெதுப்பாக இருந்தால் சந்தேகமே இல்லை.

செல்ஃப் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

பெட்ரோல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய வண்டியின் பெட்ரோல் முள் பொய் சொல்லும்.

பிறகு ஸ்பார்க். ஒரு பிளக் வயரைப் பிடுங்கி, கையில் உள்ள நல்ல பிளக்கை அதில் செருகி, பிளக்கின் உடம்பு பிளாக்கில் படும்படி வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 'சட் சட்' என்று நீல நிறத்தில் பொறி வர வேண்டும். மஞ்சளாக, நூல் மாதிரி வந்தால் பலவீனம். வயரை வெறும் கையில் பிடிக்காதீர்கள்.

பொறியே இல்லையா? பேட்டரியின் 12 வோல்ட்டைப் பொறிக்குத் தேவையான உயர் வோல்ட்டாக மாற்றும் காயிலுக்குப் போங்கள். டெஸ்ட் லாம்பின் கிளிப்பை எர்த்தில் மாட்டி, ஊசியைக் காயிலின் பாசிடிவில் வையுங்கள். சாவி ஆனில் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் இக்னிஷன் சுவிட்ச் பக்கம் பழுது. எரிந்தால் ஊசியைக் காயிலின் நெகடிவுக்கு மாற்றி செல்ஃப் அடியுங்கள். பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிக் காயிலின் கரண்டை வெட்டும் சின்ன சுவிட்ச்) உள்ள வண்டியில் லாம்ப் மினுக் மினுக் என்று விட்டுவிட்டு எரிய வேண்டும். அப்படி எரிந்தால் பாயிண்ட் திறந்து மூடுகிறது. பழுது காயிலிலோ, டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பிலோ, அதற்குள் சுற்றி ஒவ்வொரு பிளக்குக்கும் பொறியைப் பிரித்து அனுப்பும் ரோட்டரிலோ. லாம்ப் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் ஒன்றோடொன்று தொடவில்லை, கரி பிடித்திருக்கும் அல்லது இடைவெளி அதிகம். எரியவே இல்லை என்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டென்சர் (பாயிண்ட் முகம் தீயாமல் காக்கும் சின்ன உருளை) ஷார்ட்.

பாயிண்ட் இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ. வரை. பாயிண்ட் முகம் அடிக்கடி தீய்ந்து குழி விழுந்தால் அதைத் தேய்த்துத் தேய்த்துப் போடாதீர்கள், கண்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள். பிந்தைய கார்பரேட்டர் வண்டிகளில் பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும். அதில் இந்த அளவு வேலை கிடையாது, கனெக்டரும் வயரும் சரியா என்று மட்டும் பார்க்கலாம்.

டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றும்போதே இன்னொரு சோதனையையும் முடித்துவிடுங்கள். கேப் இல்லாமல் செல்ஃப் அடித்துப் பாருங்கள். உள்ளே ரோட்டர் சுற்ற வேண்டும். இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது கேம் ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட்டைச் சுற்றுவது டைமிங் பெல்ட். எஞ்சின் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றுகிறது, ரோட்டர் மட்டும் அசையவில்லை என்றால் டைமிங் பெல்ட் அறுந்துவிட்டது. மேற்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டாம், வண்டியைக் கட்டி இழுத்துப் போய்விடலாம்.

மழை நாளில் மட்டும் தகராறு செய்கிறது என்றால் கேப்பின் உள்ளே ஈரம் அல்லது மயிரிழை விரிசல். ராத்திரி இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு பானெட்டைத் திறந்து பாருங்கள். கெட்டுப்போன பிளக் வயரின் மேல் நீலப் பொறி ஊர்ந்து போவது கண்ணுக்கே தெரியும்.

ஸ்பார்க் நன்றாக இருந்தால் மட்டும் பெட்ரோல் பக்கம் வாருங்கள். முதலில் காயிலின் மெல்லிய வயரைக் கழற்றி ஸ்பார்க்கை நிறுத்துங்கள். கார்பரேட்டருக்கு வரும் ஹோஸைப் பிடுங்கி ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடியுங்கள். பெட்ரோல் விட்டுவிட்டுப் பீச்ச வேண்டும். வரவில்லை என்றால் ஃபில்டர் அடைப்பு, அல்லது கேம் ஷாஃப்ட்டால் இயங்கும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கும்.

ஓடுகிறது, ஆனால் சரியாக ஓடவில்லை

ஐடிலிங்கில் நிற்காமல் அணைந்துபோகிறது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடி இருந்தால் ஓடுகிறது. இதற்கு உடனே கார்பரேட்டரைப் பிரிக்கச் சொல்வார்கள். அதற்கு முன்னால் கார்பரேட்டரின் உடம்பில் வயரோடு இருக்கும் சொலினாய்டை (ஐடிலிங் பெட்ரோல் வழியைத் திறந்து மூடும் மின் வால்வ்) பாருங்கள். பல மாடல்களில் இருக்கும். சாவியை ஆன் செய்து அதன் வயரைக் கழற்றி மாட்டினால் 'டிக்' என்று சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் ஐடிலிங் பெட்ரோல் வழி மூடியே கிடக்கிறது. டெஸ்ட் லாம்பால் வயரில் கரண்ட் வருகிறதா பாருங்கள். வந்தால் சொலினாய்டு போய்விட்டது. 'டிக்' வந்தும் நிற்கவில்லை என்றால்தான் ஐடில் ஜெட்டில் தூசு.

ஐடிலிங் ஏறி இறங்கி ஆடினால் எங்கோ காற்று களவாடுகிறது. வேக்குவம் ஹோஸ்கள் வருடக்கணக்கில் சூட்டில் வெந்து, ஓரத்தில் பிளந்திருக்கும். கார்பரேட்டர் அடி கேஸ்கட்டைச் சுற்றிக் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். எஞ்சின் சத்தம் மாறும் இடம்தான் ஓட்டை.

மிஸ்ஸிங் அடிக்கிறது என்றால் மூன்று சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை. எஞ்சினை அணைத்து, ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதில் பழைய பிளக்கைச் செருகி எர்த்தில் படவைத்து, ஸ்டார்ட் செய்து பாருங்கள். எஞ்சின் மேலும் மோசமாக ஆடினால் அந்த சிலிண்டர் நல்லது. எந்த வயரைக் கழற்றியும் வித்தியாசமே தெரியவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர். அதன் பிளக்கைப் பாருங்கள். வெளிர் காப்பிப் பொடி நிறம் ஆரோக்கியம். உலர்ந்த கருங்கரி என்றால் பெட்ரோல் அதிகம். பிசுபிசுவென்று எண்ணெய் என்றால் ரிங் அல்லது வால்வ் சீல். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. வரை. புது பிளக் போட்டும் அதே சிலிண்டர் செத்தே கிடந்தால் கம்ப்ரஷன் அளக்கச் சொல்லுங்கள். மூன்று சிலிண்டருக்கும் இடையே வித்தியாசம் (சதுர சென்டிமீட்டருக்கு) 1 கிலோவைத் தாண்டக் கூடாது.

அரை மணி நேரம் நன்றாக ஓடி, சூடானதும் நின்றுபோய், ஆறிய பிறகு மறுபடி எடுக்கிறது என்பது பலரைப் பைத்தியமாக்கும் பழுது. வொர்க்‌ஷாப்புக்குப் போனால் நல்ல பிள்ளையாக ஓடும். இதைப் பிடிக்க ஒரே வழி, நின்ற அந்த நிமிடத்திலேயே சோதிப்பது. முதலில் ஸ்பார்க். சூட்டில் காயிலோ கண்டென்சரோ படுத்துவிட்டால் அப்போது பொறி வராது. பொறி வந்தால் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்றை இழுத்துக்கொண்டால் மூடியின் காற்று ஓட்டை அடைத்திருக்கிறது, டேங்குக்குள் காற்று போகாமல் பெட்ரோல் வரமாட்டேன் என்கிறது.

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். 80-களிலும் 90-களிலும் வந்த ரப்பர் ஹோஸ்களும் டயாஃப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. வருடத்துக்கு ஒரு முறையாவது டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை எல்லா ஹோஸையும் விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு, வழவழப்பு, பெட்ரோல் வாசனை எது இருந்தாலும் எத்தனாலைத் தாங்கும் ஹோஸாகப் பார்த்து மாற்றிவிடுங்கள். இதில் காசு பார்க்கக் கூடாது, தீப்பிடிக்கும் விஷயம். மாதக்கணக்கில் நிறுத்தப்போகும் வண்டியின் கார்பரேட்டரில் பெட்ரோலை விட்டுவைக்காமல் காலி செய்வதும் நல்லது.

வண்டி ஹீட் ஆகிறது

எப்போது ஹீட் ஆகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. டிராஃபிக்கில் நிற்கும்போது மட்டும் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன். பைபாஸில் வேகமாகப் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது வாட்டர் பம்ப். ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே ஏறினால் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடான பிறகு தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வ்) மூடியபடி சிக்கியிருக்கும், அல்லது ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்பு) போயிருக்கும்.

ஃபேனைச் சோதிக்க, தெர்மோ சுவிட்சுக்கு வரும் கனெக்டரைக் கழற்றுங்கள். இரண்டு வயர் இருந்தால் அவற்றை ஒன்றோடொன்று இணையுங்கள், ஒரே வயர் என்றால் பாடியில் தொடுங்கள். சாவி ஆனில் ஃபேன் சுற்றினால் சுவிட்ச்தான் பழுது. சுற்றவில்லை என்றால் ஃபேன் மோட்டாருக்கே பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்துப் பாருங்கள். கையை இறக்கையிலிருந்து தள்ளி வையுங்கள்.

ரேடியேட்டர் அடைப்புக்கு நம் ஊரில் முதல் காரணம் போர் தண்ணீர். உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே குழாய்களில் சுண்ணாம்பு படிந்துவிடும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு அணைத்து, ஃபேன் கனெக்டரையும் எடுத்துவிட்டு, ரேடியேட்டர் முகப்பைக் கையால் தடவிப் பாருங்கள். எல்லா இடமும் சூடாக இருக்கும்போது ஒரு பட்டை மட்டும் ஆறிக் கிடந்தால் அந்த இடத்தில் தண்ணீர் ஓடவில்லை. சுத்தம் செய்த பிறகு கூலண்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுங்கள், நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்று சொல்லும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரம் எடுக்கும். அதுவரை பெட்ரோல் அதிகம் குடிக்கும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும், ரிங் தேயும். அது வேலை செய்கிறதா என்று பார்ப்பது எளிது. கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். தண்ணீர் 82 டிகிரியை நெருங்கும்போது, அதாவது கொதிக்கக் கொஞ்சம் முன்னால், வாய் திறக்க ஆரம்பிக்க வேண்டும். கொதித்த பிறகும் திறக்கவில்லை என்றால் மாற்றுங்கள், விலை அதிகமில்லை.

ஹெட் கேஸ்கட்டுக்கு அறிகுறிகள்: ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்ததும் தண்ணீரில் விடாமல் குமிழி வருவது, கூலண்ட் ஒழுகும் இடம் தெரியாமல் குறைவது, ஆயில் மூடியின் உள்ளே பால் காப்பி மாதிரி நுரை, சைலன்சரில் சூடான பிறகும் வெள்ளைப் புகை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம்.

ஓடும்போது டெம்பரேச்சர் முள் ஏறி, பிறகு திடீரென்று கீழே விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள். தண்ணீர் முழுக்க வெளியேறி, சென்சார் காற்றில் நின்றாலும் முள் விழும். உடனே ஓரம் கட்டி அணையுங்கள். ஆயில் லைட் எரிந்தாலும் இதேதான், அடுத்த வளைவுவரை போகலாம் என்று நினைக்காதீர்கள்.

விளக்குகளும் மற்ற மின் தொல்லைகளும்

பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது, இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து கண் சிமிட்டுகிறது. பேய் பிடித்தது போலத் தெரியும் இந்த வேலை எல்லாம் எர்த் கோளாறுதான். திரும்பிப் போக வழி கிடைக்காத கரண்ட் பக்கத்து பல்பு வழியாகப் போகிறது. பின் லாம்ப்பின் எர்த் வயரைச் சுத்தம் செய்தால் சரி. பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே தப்பாகக் காட்டினாலும் மீட்டர் போர்டுக்கு வரும் எர்த்தையும் சப்ளையையும் முதலில் பாருங்கள். ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் வேகமாக அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கிறது.

ஹெட்லைட் மங்கல் என்றால் லைட் எரியும்போதே பல்பின் பின்னால் அளந்து பாருங்கள். பேட்டரியில் 12.5 இருந்து பல்பில் 10.5 தான் வருகிறது என்றால், வெளிச்சம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். 60/55 வாட் பல்பு இரண்டும் சேர்ந்து ஹை பீமில் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். அவ்வளவும் தேய்ந்துபோன பழைய சுவிட்ச் வழியாகப் போவதுதான் பிரச்சினை. அதிக வாட் பல்பு போடுவது இதற்கு மருந்தல்ல, சுவிட்ச்சும் ஹோல்டரும் உருகிவிடும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த தடித்த வயரில் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) போட்டுக் கொடுங்கள். சுவிட்ச் ரிலேவை மட்டும் இயக்கும். வேலையும் காசும் குறைவாகக் கேட்டு நிறைவாகப் பலன் தரும் மாற்றம் இந்த வண்டியில் இதைவிட வேறில்லை.

ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸ். மறுபடி போனால் ஷார்ட்டைத் தேடுங்கள். செப்புக் கம்பியையோ சிகரெட் தாளையோ சுற்றிப் போடுவது வயரிங் எரிய நீங்களே வழி செய்வது.

பிரேக், கிளட்ச், கீழே வரும் சத்தங்கள்

பிரேக்கில் சந்தேகம் வந்தால் ஓட்டிப் பார்த்துச் சோதிக்க வேண்டாம், நின்ற இடத்திலேயே பாருங்கள். பெடல் பஞ்சு போல இருந்தால் லைனில் காற்று. மிதித்துப் பிடித்தபடி இருக்கும்போது மெல்ல இறங்கிக்கொண்டே போனால், வெளியே ஒழுகல் இல்லாத பட்சத்தில் மாஸ்டர் சிலிண்டர். பின் சக்கரத்தின் உள் பக்கம் ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டர். பெடல் கல் போல இருந்தால் எஞ்சினை அணைத்து நான்கைந்து முறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பூஸ்டர் (மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் கருவி) உள்ள வண்டியில் பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டர் அல்லது அதற்குப் போகும் வேக்குவம் ஹோஸ். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுக்க மாற்ற வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் சிறிது தூரம் ஓட்டிவிட்டு சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், அதிகம் சூடான பக்கத்தில் காலிப்பர் சிக்கியிருக்கும்.

கிளட்ச் கேபிளில் பெடல் 15 முதல் 25 மி.மீ. வரை சும்மா அசைய வேண்டும். அசைவே இல்லை என்றால் பிளேட் எப்போதும் அரைகுறையாக நழுவித் தேயும். மேட்டில் எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் முடிந்தது. பெடலை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது 'டக் டக் டக்' என்றால் ஆக்ஸில் ஜாயிண்ட். குனிந்து பார்த்தால் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கும். கிழிந்த அன்றே பூட்டை மாற்றினால் ஜாயிண்ட் பிழைக்கும். வேகத்தோடு கூடும் 'ஊ' சத்தம், வளைவில் ஒரு பக்கம் சாயும்போது மாறினால் வீல் பேரிங்.

வொர்க்‌ஷாப்புக்குக் கொடுக்கும்போது

"கார்பரேட்டர் சர்வீஸ் பண்ணிடுங்க" என்று சொன்னால் அதைத்தான் செய்வார்கள், பழுது அப்படியே இருக்கும். நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "அண்ணே, காலையில ஒழுங்கா எடுக்குது. அரை மணி நேரம் ஓடினா நின்னுடுது. நிக்கும்போது பெட்ரோல் வருது, ஸ்பார்க் இல்லை. ஆறினா சரியாகிடுது." நல்ல மெக்கானிக் நேராகக் காயிலுக்கும் கண்டென்சருக்கும் போய்விடுவார். அளந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், மாற்றிய பழைய பொருளைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். அதில் பழுது இல்லை என்று தெரிந்தால் துடைத்து டிக்கியில் போட்டுவையுங்கள், அடுத்த முறை சோதித்துப் பார்க்க உதவும்.